குமாவுன் வனப் பஞ்சாயத்துகள்

இன்றைய உத்தராகண்டில் உள்ள குமாவுன் மலைப்பகுதி 1815-இல் கூர்க்காக்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆணையர் டிரெய்ல் 1823-இல் நடத்திய நிலவரி ஏற்பாட்டில் ஒவ்வோர் ஊருக்கும் எல்லை குறிக்கப்பட்டது. எல்லைக்குள் கிடந்த காடும் புல்தரையும் தங்களுடையவை என்று ஊரார் நம்பினார்கள். அந்த எல்லை யாருக்கும் உடைமை தரவில்லை என்பது பின்வந்த அதிகாரிகளின் வாதம். அடுத்த நூறாண்டுத் தகராறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது.

ரயில் பாதைகளுக்கு மரக்கட்டை தேவைப்பட்டதும் காட்டின் மதிப்பு ஏறியது. 1893-இல் அளக்கப்படாத நிலம் அனைத்தையும் பாதுகாக்கப்பட்ட காடாக அரசு அறிவித்தது. 1911 முதல் 1917 வரை சுமார் 3,000 சதுர மைல் காப்புக்காடாயிற்று. கட்டையும் பிசினும் தரும் சீர் பைன் மரமே வனத்துறைக்கு வேண்டியது. ஊராருக்கு வேண்டியதோ பாஞ்ச் எனப்படும் ஓக் மரம். அதன் தழை மாட்டுக்குத் தீவனம். தொழுவத்தில் விரித்தால் படிக்கட்டு வயல்களுக்கு எரு. மேய்ச்சலுக்கும் தழை வெட்டுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. இளம்புல் துளிர்க்கக் கோடையில் தரைக்குத் தீ வைக்கும் வழக்கமும் குற்றமானது.

அதிகாரிகளின் மூட்டைகளைக் கட்டாயமாகச் சுமக்க வேண்டிய கொடுமையும் இதோடு சேர்ந்துகொண்டது. 1921 ஜனவரியில் பாகேஷ்வர் உத்தராயணித் திருவிழாவில் கூடிய மக்கள், சுமையாட்களின் பெயர்ப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். அந்தக் கோடையில் காப்புக்காடுகள் பற்றி எரிந்தன. எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள். ஓக் காடுகள் ஏறக்குறைய தப்பின. கண்மூடித்தனமான ஆத்திரமாக இருந்திருந்தால் நெருப்பு இப்படி மரம் பார்த்துப் பற்றியிருக்காது.

அரசு இறங்கிவந்தது. குமாவுன் ஆணையர் விண்டம் தலைமையிலான குறைகேட்புக் குழு 5,000-க்கும் மேற்பட்டோரை விசாரித்தது. வணிக மதிப்புக் குறைந்த காடுகள் முதல் வகுப்பாகப் பிரிக்கப்பட்டு வருவாய்த்துறைக்குப் போயின. வனத்துறையிடம் இரண்டாம் வகுப்பு நின்றது. ஊர்களிடமே காட்டை ஒப்படைத்துப் பார்க்கலாம் என்ற பரிந்துரையும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1913-ஆம் ஆண்டின் வனக் குழுவுக்குப் பிறகு இத்தகைய பஞ்சாயத்துகள் ஏற்கெனவே தோன்றியிருந்தன. குமாவுனுக்கான விதிகள் 1931-இல் பிறந்தன.

விதிப்படி ஊரார் ஐந்து முதல் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுள் ஒருவர் சர்பஞ்ச் எனப்படும் தலைவர். புல் அறுக்கக் காடு எந்த நாட்களில் திறக்கும், வீட்டுக்கு எத்தனை கட்டு என்பதையெல்லாம் பஞ்சாயத்தே முடிவு செய்யும். காவலாளுக்குக் கூலியாக வீடுதோறும் தானியமோ காசோ திரட்டப்பட்டது. காவலை முறைவைத்துப் பார்த்துக்கொண்ட ஊர்களும் உண்டு. மூடிய காட்டில் தழை வெட்டிப் பிடிபட்டால் அரிவாளும் கயிறும் பறிபோகும். சிறிய அபராதம் கட்டினால் திரும்பக் கிடைக்கும். பெயர், குற்றம், தொகை மூன்றும் பதிவேட்டில் ஏறும். அபராதத்தைவிட, அரிவாள் சர்பஞ்ச் வீட்டில் கிடப்பதுதான் உறைத்திருக்கும். மசியாதவர்கள்மீது வருவாய் அதிகாரியிடம் புகார் போகும்; மரம் வெட்டி விற்கவும் மேலிடத்து அனுமதி வேண்டும்.

இந்த ஏற்பாட்டால் சச்சரவு ஒழியவில்லை, இடம் மாறியது. முன்பு அரசுக்கும் ஊருக்கும் நடந்த போர், இப்போது பக்கத்து ஊரோடான எல்லை வழக்காகவும் ஊருக்குள் எழும் புல் தகராறாகவும் சுருங்கியது. அடுத்த வாரமும் ஒரே பாதையில் எதிர்ப்பட வேண்டியவர்கள் என்பதால் அவை பேசித் தீரக்கூடியவையாக இருந்தன. ஆனால் புல்லும் சுள்ளியும் சுமந்தவர்கள் பெண்கள். பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் நெடுங்காலம் ஆண்களே.

1976-இல் திருத்தப்பட்ட விதிகள் காட்டு வருமானத்தில் வனத்துறைக்கும் மாவட்டப் பரிஷத்துக்கும் பங்கு வைத்தன. உத்தராகண்ட் தனி மாநிலமான பிறகு 2001-இல் வந்த விதிகள் வனத்துறையின் பிடியை மேலும் இறுக்கின. 2005-இல் அவையும் மாறின. இன்று அம்மாநிலத்தில் 11,000-க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் பதிவில் உள்ளன.