வரைபடம் யார் கைக்குப் போகிறது?

1992இல் டெட்ராயிட்டின் கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் பொறுப்புக்கு வந்தார் ஹோசே இக்னாசியோ லோபஸ். கம்பெனி பெரும் நட்டத்தில் இருந்த நேரம். ஓடிக்கொண்டிருந்த ஒப்பந்தங்களையே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கொட்டேஷன் கேட்டார். பணம் மிச்சமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் தாங்கள் கொடுத்த வரைபடம் போட்டியாளரின் மேசைக்குப் போகிறது என்று சப்ளையர்கள் குமுறினார்கள். புது நுட்பம் கைவசம் உள்ளவர் அதை அங்கே காட்டத் தயங்கினார். 1993இல் லோபஸ் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார், கசப்பு போகவில்லை.

ஜப்பானில், 1997 பிப்ரவரி 1 அதிகாலை, கரியா நகரில், டொயோட்டாவுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஐசினின் ஆலை எரிந்தது. பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைச் சீராக்கும் சிறிய வால்வு அங்கேதான் தயாரானது. கைக்குள் அடங்குகிற பொருள். ஆனால் நுண்ணிய கடைசல் வேலை, மாடலுக்கு மாடல் மாறும். டொயோட்டாவுக்கு வேண்டியதில் ஏறக்குறைய 99 சதவீதம் ஐசினிடமிருந்தே வந்தது. கையிருப்போ மிகக் குறைவு. ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் அனேகமாக எல்லாமே நின்றன. வேறிடத்தில் வால்வு செய்ய, கேட்டவர்களுக்கெல்லாம் ஐசின் வரைபடத்தைக் கொடுத்தது. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட வால்வு கடைந்தது. விலை என்ன என்று யாரும் முதலில் கேட்கவில்லை. ஒரு வாரம் பத்து நாளில் உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பியது.

டெட்ராயிட்டில் துரோகமாகப் பட்ட காரியம், கரியாவில் உதவியாகப் பட்டது. டொயோட்டா தாராளப் பிரபு என்று இதற்குப் பொருள் இல்லை. ஆண்டுக்கு இருமுறை விலையைக் குறைக்கச் சொல்லும் கம்பெனிதான் அதுவும். கூடவே, செலவு எங்கே கசிகிறது என்று பார்க்கத் தன் பொறியாளர்களைச் சப்ளையரின் பட்டறைக்கு அனுப்பிவைக்கும்.

டயர், பெல்ட் போன்ற பொதுச் சரக்குக்கு அந்த நெருக்கம் கிடையாது; அங்கே டொயோட்டாவும் பேரம்தான் பேசுகிறது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1990களில் ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ். அதுபோன்ற பொருளில் விலையும் தரமும் ஒத்துவந்தால் கடல் தாண்டியும் வாங்கலாம். வண்டியின் வடிவமைப்போடு பின்னிக் கிடக்கும் பாகத்துக்கும் அதே கொட்டேஷன் கணக்கைப் போட்டதுதான் லோபஸின் கோளாறு.

டொயோட்டாவிடமும் ஒரு குறை உண்டு. நெருக்கமான சப்ளையர் என்பதற்காக 99 சதவீதத்தை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக ஒரு ஆலை இருந்திருந்தால் ஐசினோடு உறவு ஒன்றும் முறிந்திருக்காது.