ஜேசனும் ஒரு பி.ஏ. பட்டதாரியும்

சரித்திரம் என்றாலே அரசர்களும் போர்களும்தான் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. வரலாற்றுத் துறையில் மூன்று வருஷம் பெஞ்சு தேய்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு விமானத்தை ஒருவர் ஓட்டிப் பழகிய கதையும் சரித்திரம்தான். மாணவத் தம்பி தங்கைகளுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத கதை என்பதால் அதையே இந்த மலருக்கு எடுத்துக்கொண்டேன்.

ஏமி ஜான்சன் 1903 ஜூலை 1-ஆம் தேதி இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் பிறந்தவர். அப்பா மீன் வியாபாரி. மகள் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து பி.ஏ. வாங்கினார். பிறகு லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் செகரட்டரி வேலை. நம்மில் பலரைப் போலத்தான், படிப்பு ஒன்று, பிழைப்பு வேறொன்று!

1928-இல் ஸ்டாக் லேன் என்ற இடத்திலிருந்த லண்டன் ஏரோப்ளேன் கிளப்பில் சேர்ந்தார். பிறவி விமானி என்று யாரும் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. இறக்கும்போது கை கனம் என்றே பெயர். தனியாகப் பறக்க அனுமதி கிடைப்பதற்குள் ஏறக்குறைய பதினாறு மணி நேரப் பயிற்சி ஆயிற்று. 1929 ஜூலையில் தனியார் விமானிக்கான 'ஏ' லைசென்ஸ் வந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. கிளப்பின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்து, தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ப்ரீஸிடம் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அந்த வருஷ முடிவிலேயே விமானப் பராமரிப்புக்கான கிரவுண்ட் எஞ்சினியர் லைசென்ஸும் வாங்கிவிட்டார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். "பி.ஏ. எகனாமிக்ஸுக்கும் கிரீஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் பின்னால் வருகிறது.

1930-இல் ஒரு ஜிப்ஸி மாத் விமானம் 600 பவுனுக்குக் கிடைத்தது. அப்பாவும், எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான வேக்ஃபீல்டு பிரபுவும் பணம் கொடுத்து உதவினார்கள். அப்பாவின் மீன் வியாபார முத்திரைப் பெயரான 'ஜேசன்' என்பதையே விமானத்துக்கும் வைத்தார். லண்டனுக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்குள்ள சயின்ஸ் மியூசியத்தில் அதைப் பார்த்தேன். கரும்பச்சை நிறம், மரச்சட்டம், துணி போர்த்திய இரட்டை இறக்கைகள், சுமார் நூறு குதிரைசக்தி எஞ்சின். இதிலா ஆஸ்திரேலியா வரை போனார்கள் என்று திகைப்பாக இருந்தது.

இந்த ரக விமானத்தின் குணத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இன்றைய பயணி விமானங்களுக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம் இருக்கும். அந்தக் காலத்து விமானங்களுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், பின்னால் வாலடியில் ஒரு சிறு சக்கரம். ஜேசனுக்கு அந்தச் சிறு சக்கரமும் கிடையாது, வெறும் சறுக்குக் கட்டைதான். பிரேக்கும் இல்லை. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் ஓட்டவேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை, விமானத்தின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பது. ஒரு சைக்கிளைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், ஹேண்டில் நேராக நிற்காது, திரும்பிக்கொண்டே போகும். ஏறக்குறைய அதே கதைதான் இங்கும். இறங்கி ஓடும்போது வால் கொஞ்சம் விலகினால், அது முன்னால் வரப் பார்க்கும். உடனே காலால் ரட்டரை மிதித்துத் திருத்தாவிட்டால் விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். வேகம் குறையக் குறைய ரட்டருக்குக் காற்றின் பிடியும் குறையும். மேலே ஆயிரம் மைல் பறந்தவரையும் கடைசி நூறு கஜத்தில் கவிழ்த்துவிடக்கூடிய வண்டி அது. முழுதாக நின்றபிறகுதான் "அப்பாடா" என்று மூச்சு விடலாம்.

1930 மே 5-ஆம் தேதி க்ராய்டனிலிருந்து புறப்பட்டார். அப்போது அவருடைய பறத்தல் அனுபவம் ஏறக்குறைய நூறு மணி நேரம். அதுவரை தனியாகப் போன மிக நீண்ட தூரமே லண்டனிலிருந்து ஹல் வரைதான். கூடுதல் பெட்ரோல் டாங்குகளின் பாரத்தில் முதல் முயற்சியில் ஜேசன் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. இரண்டாவது முறைதான் எழும்பியது. ரேடியோ இல்லை. உதிரி ப்ரொப்பெல்லர் ஒன்றை விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு போனார்.

பாக்தாத் போகும் வழியில் புழுதிப் புயல். பாலைவனத்திலேயே இறக்கி, பெட்டிகளைச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். பாக்தாத்தில் இறங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் தண்டு உடைந்தது. ஆனாலும் ஆறே நாளில் கராச்சி! 1928-இல் பதினைந்தரை நாளில் ஆஸ்திரேலியா போன பெர்ட் ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னிலை. ஜான்சியில் பெட்ரோல் குறைந்து ராணுவ மைதானத்தில் இறங்கினார். அங்கே இறக்கை அடிபட, தச்சர் ஒருவர் மரவேலை செய்து கொடுத்தார்.

அதே 1930 மே மாதத்தில், அதே ஜிப்ஸி மாத் ரகத்தில் நம் இளைஞர்களும் பறந்துகொண்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் அறிவித்திருந்த பரிசுக்கான போட்டி அது. கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா, எதிர்த்திசையில் பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர். எகிப்தில் இருவரும் சந்தித்தபோது ஆஸ்பியிடம் ஸ்பார்க் ப்ளக் இல்லை. டாடா தன்னிடமிருந்ததைக் கொடுத்தார்; ஆஸ்பி ஜெயித்தார். பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியும் ஆனார்.

ஏமியின் பயணத்தில் நம் கல்லூரி மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டிய கட்டம் பர்மாவில் வருகிறது. ரங்கூனில் இறங்கவேண்டியவர், மழையில் இடம் தெரியாமல் பக்கத்து ஊரான இன்செயினில், அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் இறக்கினார். ஓட இடம் போதவில்லை. பிரேக் இல்லாத ஜேசன் நேரே பள்ளத்தில் போய் விழுந்தது. ப்ரொப்பெல்லர் போச்சு, சக்கரச் சட்டம் போச்சு, இறக்கை கிழிந்தது. சாதனையும் அங்கேயே போச்சு.

ஆனால் விழுந்த இடம் கல்லூரி அல்லவா! அங்கிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் கைகொடுத்தார்கள். முதல் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் கிடைத்தன. அவற்றைப் பிரித்து இறக்கைக்குப் போர்த்தினார்கள். உதிரி ப்ரொப்பெல்லரை மாட்டினார்கள். எது எங்கே சேரவேண்டும் என்று கூடவே நின்று சொல்ல, கிரவுண்ட் எஞ்சினியர் லைசென்ஸ் வாங்கிய பி.ஏ. பட்டதாரி இருந்தார். மூன்று நாளில் ஜேசன் மறுபடி பறந்தது. முன்னே கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் முளைகள் இறக்கையைக் கிழித்தன. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு கிளம்பினார். மே 24-ஆம் தேதி டார்வின் சேர்ந்தார். சுமார் 11,000 மைல், பத்தொன்பதரை நாள். ஹிங்க்லரின் சாதனை முறியவில்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்று உலகமே கொண்டாடியது. ஐந்து நாள் கழித்து பிரிஸ்பேனில், பெருங்கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, இறங்கும்போது ஓடுதளம் தாண்டிப் போய் ஜேசன் தலைகீழாகக் கவிழ்ந்தது. நல்ல வேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கணக்குப் பார்த்தால் அவருக்கு வந்த சோதனைகளில் பெரும்பாலானவை இறங்குகிற நேரத்தில் வந்தவைதான். "அப்படியானால் அவர் நல்ல விமானியே இல்லை" என்று அன்றும் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது வண்டியின் குணத்தைப் பழக ஆற அமர நேரம் கிடைக்காதவர், போகிற வழியெல்லாம் பழகிக்கொண்டே போனார். உடைந்ததைச் சரிசெய்யத் தெரிந்திருந்ததால் ஒவ்வொரு தடங்கலும் ஒரு பாடமாயிற்று, முடிவாகவில்லை. 1932-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தனியாகப் பறந்து சாதனையே செய்தார். மகளிர் பொறியியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1941 ஜனவரி 5-ஆம் தேதி, போர்க்கால விமானப் போக்குவரத்துப் பணியில் இருந்தபோது தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவே இல்லை.

மாணவச் செல்வங்களே, முதல் செமஸ்டரில் பின்தங்கியவர்களைப் பார்த்து "இவனுக்கு இது வராது" என்று சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பதினாறு மணி நேரம் எடுத்துக்கொண்ட அந்தப் பெண்ணையும் அப்படித்தான் எடைபோட்டார்கள். பட்டத்தோடு கூடவே கைத்தொழில் ஒன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். நம் மைதானத்தில் யாராவது வந்து விழுந்தால், வேடிக்கை பார்க்காமல் சட்டையைக் கழற்றிக் கொடுங்கள். நல்ல கல்லூரிக்கு அதுதான் அடையாளம்.