கரை சேர்ந்தவர்கள்

உலகத்தை முதன்முதலில் கப்பலில் சுற்றி வந்தவர் யார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது மகெல்லன் என்று எழுதி முழு மார்க்கும் வாங்கியவன் நான். வாத்தியாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் சந்தேகமில்லை. 1521 ஏப்ரல் 27-ஆம் தேதி, பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஒன்றான மக்டானில், முழங்கால் தண்ணீரில் நின்று சண்டையிட்டு அவர் மாண்டுபோனார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தது. அப்படியானால் பாக்கிப் பாதியைச் சுற்றி முடித்தது யார்?

1522 செப்டம்பர் 6-ஆம் தேதி ஸ்பெயின் தேசத்து ஸான்லூக்கர் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. விக்டோரியா என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன் அதே துறையிலிருந்து ஐந்து கப்பல்களில் ஏறக்குறைய 240 பேர் புறப்பட்டார்கள். சுற்றி வந்து சேர்ந்தது இந்த ஒன்றுதான். அதில் இருந்தவர்கள் பதினெட்டுப் பேர் என்பது சரித்திரப் புத்தகங்களின் கணக்கு. கப்பலில் ஓட்டை, ராப்பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

கப்பல் தலைவர் ஜுவான் செபாஸ்டியன் எல்கானோ. புறப்பட்ட நாளில் அவர் தலைவரல்ல. நடுவில் மகெல்லனுக்கு எதிராக நடந்த கலகத்தில் சேர்ந்து, தண்டனையும் மன்னிப்பும் பெற்றவர். மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, கடைசியில் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

1521 டிசம்பர் 21-ஆம் தேதி டிடோர் தீவில் கிராம்பு ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது ஐரோப்பியர் 47 பேர், தீவுவாசிகள் 13 பேர். இந்து மகா சமுத்திரக் கரையெல்லாம் அப்போது போர்த்துகீசியர் கை ஓங்கியிருந்தது. அகப்பட்டால் சிறை. ஆகவே கரைப்பக்கமே தலை காட்டாமல் தெற்கே ஒதுங்கி ஓடினார்கள். இறைச்சி கெட்டுப்போயிற்று. காரணம் என்ன தெரியுமா? போதிய உப்பு இல்லை! கப்பல் நிறையக் கிராம்பு மூட்டைகள். சுற்றிலும் உப்புக் கடல். சாப்பிட அரிசியும் தண்ணீரும். கூடப் போன இத்தாலியரான பிகாபெட்டா, இந்தத் திரும்பும் வழியில் இருபத்தோரு பேர் செத்துக் கடலில் எறியப்பட்டார்கள் என்று எழுதுகிறார். கிறிஸ்தவர்களின் உடல்கள் வானத்தைப் பார்த்தும், தீவுவாசிகளின் உடல்கள் குப்புறவும் மூழ்கினவாம். பசியிலும் மனிதர் இதைக் கவனித்திருக்கிறார்.

ஜூலை 9-ஆம் தேதி, வேறு வழியில்லாமல், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்ட் தீவுகளில் நின்றார்கள். அதுவும் போர்த்துகீசியர் இடம். அமெரிக்காவிலிருந்து வருகிறோம் என்று பொய் சொல்லி அரிசி வாங்கப் படகு அனுப்பினார்கள். இன்று என்ன கிழமை என்று கரையில் விசாரித்தால் வியாழக்கிழமை என்றார்கள். கப்பல் கணக்கில் அன்று புதன்கிழமை. ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதி வந்தவர் பிகாபெட்டா. அவருக்குத் தலை சுற்றியது. பிற்பாடுதான் விளங்கிற்று. மேற்கே மேற்கே சூரியனோடு ஓடியவர்களுக்கு ஒவ்வொரு நாளும் துளித்துளியாக நீண்டு, உலகம் ஒரு சுற்று முடிந்தபோது அவர்கள் கணக்கில் ஒரு முழு நாள் குறைந்துவிட்டது. பூமியைச் சுற்றி வந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

ஆனால் அன்றைய கவலை அரிசி. கையில் பணமில்லாமல் கிராம்பைக் கொடுத்து வாங்கப் போய்க் குட்டு வெளிப்பட்டது என்று சொல்லுவார்கள். கரைக்குப் போன பதின்மூன்று பேரைப் போர்த்துகீசியர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை விட்டுவிட்டு எல்கானோ பாயை விரித்தார்.

ஸான்லூக்கர் சேர்ந்த அன்றே கப்பலிலிருந்து அவர் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகம் முழுவதையும் சுற்றி வந்துவிட்டோம் என்ற செய்தி அதில் இருக்கிறது. கூடவே, பிடிபட்ட பதின்மூன்று பேரையும் எப்படியாவது மீட்டுத் தரவேண்டும் என்ற வேண்டுகோளும் இருக்கிறது. விட்டுவிட்டு வந்தவர்களின் நினைப்பு அந்த இரண்டு மாதமும் அவரை அரித்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் பிற்பாடு ஊர் திரும்பினார்கள்.

செவில் நகரத்தில், பிரார்த்தனை செலுத்தப் போகிறவர்களைப் போல, வெறுங்காலோடு, உடம்பில் ஒரு சட்டை மட்டும் அணிந்து, கையில் மெழுகுவர்த்தி ஏந்தி இரண்டு மாதா கோவில்களுக்கு நடந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது ஏதோ பிச்சைக்காரர் ஊர்வலம் போல இருந்திருக்கும். கிராம்பு விற்ற பணம் ஐந்து கப்பல்களின் செலவையும் ஈடுகட்டி மேலே கொஞ்சம் மிஞ்சியது. எல்கானோவுக்கு வருஷத்துக்கு 500 டுகாட் மானியம் என்று உத்தரவாயிற்று. உத்தரவுதான்; உயிரோடு இருந்தவரை பணம் கைக்கு வரவில்லை. 1526-இல் மறுபடி அதே வழியில் போகும்போது பசிபிக் சமுத்திரத்தில் இறந்துபோனார்.

இதையெல்லாம் விட எனக்கு ஆறாத விஷயம் வேறு. பிகாபெட்டா எழுதிய பிரயாணப் புத்தகத்தில் எல்கானோவின் பெயரே கிடையாது. ஒரே கப்பலில், ஒரே அரிசிக் கஞ்சியைக் குடித்து, அவர் செலுத்திய கப்பலில் உயிர் தப்பி வந்தவர், அவர் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. மகெல்லன்மேல் இருந்த பக்தி, கலகக்காரர்மேல் இருந்த கோபம் என்று காரணம் சொல்லுகிறார்கள். பேனா பிடிக்கிற ஜாதியைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்கானோவாவது பிற்காலத்தில் பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டார். பதினெட்டு என்ற கணக்கில் சேராத சிலரும் அந்தக் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார்கள். டிடோரில் ஏறிய பதின்மூன்று தீவுவாசிகளில் மிஞ்சியவர்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி ஒவியெதோ என்ற பழைய ஸ்பானிய சரித்திரக்காரர் சொல்லுகிறார். ஸ்பெயினில் இறங்கியதும் அந்த மனிதர் செய்த முதல் காரியம், ஒரு டுகாட்டுக்கு எத்தனை ரியால், ரியாலுக்கு எத்தனை சில்லறை, அந்தச் சில்லறைக்கு எவ்வளவு மிளகு தருவீர்கள் என்று கடை கடையாக ஏறி விசாரித்ததுதானாம். மற்றவர்களைப் போல அவரைச் சொந்த ஊருக்குத் திரும்ப விடவில்லை. ஸ்பெயினில் மிளகு விற்கிற விலையை அவர் தம் ஜனங்களிடம் போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆவது?