நெடுக்காகப் போன ராஜா

செஸ் பழகிய எல்லோருக்கும் காஸ்லிங் ஒரு சின்னப் பட்டியலாகத்தான் ஞாபகத்தில் நிற்கும். ராஜா அசைந்திருக்கக் கூடாது. கோட்டையும் அசைந்திருக்கக் கூடாது. நடுவில் காய் எதுவும் நிற்கக் கூடாது. ராஜா செக்கில் இருக்கவோ, எதிரி தாக்கும் கட்டத்தைக் கடக்கவோ, அங்கே போய் நிற்கவோ கூடாது. அவ்வளவுதான் எண்டு நினைப்போம்.

அந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் நெதர்லாந்தில் ஒரு பகிடி பிறந்தது. மாக்ஸ் பாம் என்ற எழுத்தாளர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளை ராஜா தன் ஆரம்பக் கட்டத்திலேயே நிற்கிறது. அதே நிரலில் ஒரு வெள்ளைச் சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போய்க் கோட்டையாக மாறுகிறது. இப்பதான் பிறந்த கோட்டை, இன்னும் ஒருமுறைகூட அசையவில்லை! நடுவில் காயும் இல்லை. அப்ப ராஜா நெடுக்காக இரண்டு கட்டம் ஏறி மூன்றாம் வரிசைக்குப் போக, கோட்டை அதைத் தாண்டி இரண்டாம் வரிசைக்கு இறங்கலாம்தானே?

1972இல் டிம் கிராபே இதை வைத்து மூன்று நகர்வில் மேட் வைக்கும் புதிர் ஒன்றை அமைத்தார். பின்னாளில் 'தி வானிஷிங்' படமாக வந்த நாவலை எழுதியவரும் இவர்தான். ராணியாகக்கூடிய சிப்பாய் ஏன் கோட்டையாக மாறுகிறது என்பதற்கான பதில் கடைசி நகர்வில் இருக்கிறது. குறுகிய காஸ்லிங்கை 0-0 என்றும் நீண்டதை 0-0-0 என்றும் எழுதுவார்கள். இதற்கு நாலு பூச்சியம்.

இதற்குப் பிறகு ஒரு கதை பரவியது. இந்த ஓட்டையைக் கண்டு பயந்துபோன சர்வதேச சம்மேளனமான ஃபீடே, 1974இல் விதியைத் திருத்தி, ராஜாவும் கோட்டையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் எண்டு சேர்த்ததாம். இரண்டு பகிடிக்காரர் சேர்ந்து ஒரு சட்டத்தையே மாற்றிவிட்டார்கள்! கேட்க நல்லாத்தான் இருக்கு. நானும் கனபேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஃபீடேயின் 1930ஆம் ஆண்டு விதிகளிலேயே 'ஒரே வரிசை' என்பது எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஓட்டை சட்டத்தில் இருக்கவில்லை. நாங்கள் மனதில் வைத்திருந்த பட்டியலில்தான் இருந்தது.

இருந்தும் இந்தக் கதையை நம்பியவர்களை முழுதாகப் பிழை சொல்லவும் ஏலாது. காஸ்லிங் விதி உண்மையிலேயே மாறி மாறி வந்த ஒன்று. இத்தாலியில் 19ஆம் நூற்றாண்டிலும் 'சுதந்திர காஸ்லிங்' இருந்தது. ராஜாவும் கோட்டையும் எந்தக் கட்டங்களில் போய் நிற்பது என்பதில் ஆடுபவருக்குப் பல தெரிவுகள் இருந்தன. இன்று விசித்திரமாகத் தெரிவது அன்று அங்கே சாதாரண ஆட்டம்.

புதிர் அமைப்பவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. புதிரில் ஒரு நிலையைத்தான் பார்க்கிறோம், அதற்கு முன் நடந்த ஆட்டம் தெரியாது. ஆகவே ராஜாவோ கோட்டையோ முன்பு அசைந்தது என நிரூபித்தால் ஒழிய, காஸ்லிங் செய்யலாம். சிப்பாயின் 'ஆன் பஸான்' வெட்டுக்கு இது நேரெதிர். எதிரியின் கடைசி நகர்வு அந்தச் சிப்பாயின் இரண்டு கட்டப் பாய்ச்சல்தான் என்று நிரூபித்தால் மட்டுமே வெட்டலாம்.

1974 கதைக்கு நாங்கள் கொடுத்தது காஸ்லிங் சலுகை. பொய்யென்று யாரும் நிரூபிக்கும்வரை அதை உண்மையாகவே வைத்திருந்தோம். வரலாற்றை வாசிக்கும்போது தேவைப்படுவது மற்ற விதி.