டாமி ஜானின் இடது முழங்கை

கொஞ்சம் நீண்ட இழை. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை. உங்கள் உள்ளங்கையை மேல் பார்க்க வையுங்கள். கட்டைவிரல் நுனியும் சுண்டுவிரல் நுனியும் தொடும்படி சேருங்கள். இப்போது மணிக்கட்டை லேசாக உங்களை நோக்கி மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு மாதிரி ஏதாவது புடைத்துக்கொண்டு நிற்கிறதா?

நின்றால் அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். நிற்காவிட்டால் பதற வேண்டாம். பலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. இல்லாதவர்களின் கைப்பிடி பலம் ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. குரங்குகளுக்கு மரம் தாவ உதவியிருக்கலாம், நமக்கு அது கிட்டத்தட்ட உபரி.

இந்த உபரிக் கயிறுதான் 1974இல் அமெரிக்க பேஸ்பாலின் சரித்திரத்தை மாற்றியது. அந்தக் கதைதான் இன்று.

டாமி ஜான் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடது கை பிட்ச்சர். நம்ம ஊர் கணக்கில் பவுலர். வயது 31. அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி என்று அமர்க்களமாக ஆடிக்கொண்டிருந்தார். 1974 ஜூலை 17, மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிக்கு எதிரான ஆட்டம். ஒரு பந்தை எறிந்தபோது முழங்கையில் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. இன்னொரு பந்து எறிந்து பார்த்தார். முடியவில்லை. மைதானத்தை விட்டு அவராகவே வெளியே நடந்தார்.

என்ன ஆனது? முழங்கையின் உள்பக்கத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டிப்போட்டிருக்கும் லிகமென்ட் ஒன்று இருக்கிறது. அல்நார் கொலாட்டரல் லிகமென்ட். அது அறுந்துவிட்டது.

இங்கே ஒரு கேள்வி வரும். நம்ம கிரிக்கெட் பவுலர்களுக்கு ஏன் இது அடிக்கடி வருவதில்லை? கிரிக்கெட்டில் கையை மடக்கி எறியக் கூடாது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீண்டால் "த்ரோ" என்று விசாரணையே வந்துவிடும். அதனால் வேகப்பந்து வீச்சாளரின் பளு முதுகுக்குப் போகிறது, அவர்களுக்கு முதுகெலும்பில் கீறல் விழும். பேஸ்பாலில் எறிவதுதான் ஆட்டமே. ஒவ்வொரு எறியிலும் முன்கை பின்னால் வளைந்து சாட்டை மாதிரி முன்னால் வருகிறது. அந்த நொடியில் முழங்கையின் உள்பக்கம் பிளக்கப் பார்க்கும். சுற்றியுள்ள தசைகள் பாதிப் பளுவைப் பங்குபோட்டுக் கொள்வதால்தான் லிகமென்ட் தாக்குப் பிடிக்கிறது. ஈட்டி எறிபவர்களுக்கும் இதே பாடுதான்.

1974க்கு முன்னால் இப்படி ஆன பிட்ச்சருக்கு ஒரே மருந்து, வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்ப்பது. "கை செத்துப்போச்சு" என்பார்கள், அவ்வளவுதான். இதே டாட்ஜர்ஸ் அணியின் மாபெரும் பிட்ச்சர் சாண்டி கோஃபாக்ஸ், 1966இல் 27 ஆட்டங்கள் ஜெயித்துவிட்டு, அதே வருடம் தன் 30ஆவது வயதில் ஓய்வை அறிவித்தார். காரணம் முழங்கை மூட்டு. அவருடைய பிரச்சினை மூட்டழற்சி என்றார்கள். உள்ளே லிகமென்ட் எப்படி இருந்தது என்று பார்க்க அன்றைக்கு எம்ஆர்ஐ கிடையாது.

டாட்ஜர்ஸ் அணியின் எலும்பு மருத்துவர் ஃப்ராங்க் ஜோப். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில் மருத்துவப் பொருட்களைக் கவனித்துக்கொண்ட இளைஞர். பாஸ்டோன் முற்றுகையில் இருந்தவர். குண்டுச் சத்தத்துக்கு நடுவே ஆபரேஷன் செய்த மருத்துவர்களைப் பார்த்துத்தான் அவருக்கும் மருத்துவ ஆசை வந்தது.

ஜோப்பின் யோசனை எளிமையானது. கை அறுவை சிகிச்சையிலும் போலியோ நோயாளிகளிலும் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்துவது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த விஷயம். அதையே முழங்கைக்குச் செய்தால் என்ன? இரண்டு எலும்புகளிலும் துளை போட்டு, உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்த நாணை எட்டு வடிவத்தில் கோத்துக் கட்டிவிடுவது. கட்டுவதற்கு எந்த நாண்? நீங்கள் இப்போது மணிக்கட்டில் பார்த்தீர்களே, அதேதான். டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து எடுத்தார்கள்.

ஓபியில் தினமும் எங்களிடம் கேட்கப்படும் கேள்வியை டாமி ஜானும் கேட்டார். "சரியாகிறதுக்கு எவ்வளவு சான்ஸ் டாக்டர்?" ஜோப் சொன்ன பதில், நூற்றில் ஒன்று.

டாமி ஜான் போட்ட கணக்கு இது. ஆபரேஷன் செய்யாவிட்டால் பூஜ்யம். ஒன்று பூஜ்யத்தை விடப் பெரிது. செப்டம்பர் 25 அன்று ஆபரேஷன் நடந்தது. அடுத்த மாதம் அவருடைய அணி உலகத் தொடரில் ஓக்லண்டிடம் தோற்றது. அவர் ஆடவில்லை.

சினிமாவாக இருந்தால் அடுத்த காட்சியில் பந்து எறிவார். நிஜத்தில் விரல்கள் செயலிழந்தன. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுர்ரென்று இருக்குமே, அந்த அல்நார் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. கை கொக்கி மாதிரி மடங்கிக்கொண்டது. டிசம்பரில் இரண்டாவது ஆபரேஷன். 1975 சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட இல்லை. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும், அதை எந்த டாக்டராலும் அவசரப்படுத்த முடியாது. கட்டிய நாணும் லேசுப்பட்டதல்ல. அதற்குள் புது ரத்தக்குழாய்கள் வளர்ந்து, மெல்ல மெல்ல அது லிகமென்டாகவே மாற வேண்டும். மாதக்கணக்காகும்.

1976இல் திரும்பி வந்தார். 10 வெற்றி, 10 தோல்வி. 1977இல் 20 வெற்றி. பிறகு நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போய் 1979இல் 21, 1980இல் 22. ஓய்வு பெற்றது 1989இல், 46 வயதில். மொத்தம் 288 வெற்றிகள். அதில் 164 ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. அதாவது பழைய முழங்கையை விடப் புது முழங்கை அதிகம் ஜெயித்தது!

"பால்மாரிஸ் லாங்கஸ் நாணைக் கொண்டு அல்நார் கொலாட்டரல் லிகமென்டை மறுசீரமைத்தல்" என்று யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? "டாமி ஜான் சர்ஜரி" என்றே பெயர் நின்றுவிட்டது. சாதாரணமாக ஆபரேஷனுக்கு டாக்டர் பெயர்தான் வைப்பார்கள். இங்கே நோயாளியின் பெயர்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு ஆள் இருக்கிறார். ஜோப் உடனே கடை விரித்துவிடவில்லை. முதல் நோயாளி தேறுகிறாரா என்று காத்திருந்தார். இரண்டாவதாக ஆபரேஷன் செய்துகொண்ட பிட்ச்சர் பிரென்ட் ஸ்ட்ராம், 1978இல். அவர் மேஜர் லீகில் மறுபடி ஒரு பந்துகூட எறியவில்லை. பிற்காலத்தில் பயிற்சியாளராகி, 2017இல் உலகத் தொடரை வென்ற ஹூஸ்டன் அணியின் பிட்ச்சர்களைத் தயார் செய்தார், அது வேறு விஷயம். ஆனால் டாமி ஜான் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஸ்ட்ராம் பெயர் தெரியும்? ஜெயித்த கேஸ்தான் ஊர் வாயில் நிற்கும்.

எனக்கு உறுத்துவது இதற்குப் பிறகு நடந்ததுதான். சிகிச்சை மெருகேறியது. ஆபரேஷன் செய்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். 2012 வாக்கில் மேஜர் லீக் பிட்ச்சர்களில் நான்கில் ஒருவருக்கு இந்தத் தழும்பு இருந்தது. ஷோஹெய் ஓதானி 2018இல் செய்துகொண்டார், 2023இல் மறுபடி அதே முழங்கையில் கத்தி. நல்ல விஷயம்தானே என்பீர்கள்.

2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இந்த ஆபரேஷன்களை ஒரு ஆய்வு கணக்கெடுத்தது. பாதிக்கும் மேல், 56.8 சதவீதம், 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு! 31 வயதில், வேறு வழியே இல்லாத ஒருவருக்கு, நூற்றில் ஒன்று என்று சொல்லிச் செய்த காரியம் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு வந்து சேர்ந்தது. வருடம் முழுக்க ஓய்வில்லாத ஆட்டம். மணிக்கு எத்தனை மைல் என்று காட்டும் ரேடார் துப்பாக்கிக்கு முன்னால் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவது. களைத்த தசை பளுவைப் பங்குபோடாது, எல்லாம் லிகமென்ட் தலையில் விழும்.

இதைவிடக் கொடுமை ஒன்று. 2012இல் வந்த ஒரு ஆய்வில், அடிபடாத வீரருக்கும் திறமை கூட்ட இந்த ஆபரேஷனைச் செய்யலாம் என்று நினைத்த பள்ளி வீரர்கள் 51 சதவீதம். பெற்றோரில் 37 சதவீதம். நல்லா இருக்கிற லிகமென்டை வெட்டிவிட்டு வேறொன்று கட்டினால் வேகம் கூடுமாம். கூடாது. திரும்பி வந்த பிறகு வேகம் கூடியதாகத் தெரிந்தால், அது ஒரு வருடம் ஒழுங்காக ஓய்வெடுத்து உடற்பயிற்சி செய்ததன் பலன்.

ஜான் ஸ்மோல்ட்ஸ், இந்த ஆபரேஷன் செய்துகொண்டு ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் பிட்ச்சர். 2015இல் அந்த மேடையில் தன் சாதனையைப் பேச வேண்டிய நேரத்தில், பெற்றோரைப் பார்த்து இதை 14, 15 வயதில் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மன்றாடினார். டாமி ஜானின் சொந்த மகன், அப்பாவின் பெயரையே உடையவர், பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று 2018இல் புத்தகமே எழுதினார்.

பந்தோ ஈட்டியோ எறியும் பிள்ளை முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று சொன்னால் மாத்திரை போட்டு ஆடவைக்காதீர்கள். எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் எலும்பில் லிகமென்ட் அறுவதற்கு முன்னால் அது ஒட்டியிருக்கும் எலும்பு முனையே பெயர்ந்துவிடலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும்.

டாமி ஜான் இன்னும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வாகவில்லை. 2013 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் அந்த ஹால் ஆஃப் ஃபேம் டாக்டர் ஜோப்பை மேடையேற்றி கௌரவித்தது. அப்போது டாமி ஜானும் அங்கே இருந்தார், 70 வயதில். அடுத்த மார்ச்சில் ஜோப் காலமானார்.