எம்ஜி வின்ட்ஸர்ல போடிமெட்டு இறங்கப் போறீங்களா?

எம்ஜின்னா மோரிஸ் கராஜஸ்; பிறந்தது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில். இப்போ பிராண்டு சீனாவின் எஸ்ஏஐசி கையில். 2024-ல் வந்த வின்ட்ஸர் இவியும் வூலிங் என்ற சீன கம்பெனி காரின் மறுபதிப்புதான். அசெம்பிள் ஆவது குஜராத் ஹாலோலில்.

38 கிலோவாட் ஹவர் பேட்டரிக்கு 332 கி.மீ என்கிறது கம்பெனி. தேனிக்காரங்களே, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவில் அந்தக் கணக்கு செல்லாது. ஏறும்போது சார்ஜ் மளமளன்னு குறையும், பதறாதீங்க. இறங்கும்போது ரீஜென் பிரேக்கிங் கொஞ்சம் திருப்பித் தரும். பிரேக்கும் அவ்வளவா சூடாகாது.

ஆனா, மெட்டுப் பக்கம் ராத்திரி தங்கி 100 சதவிகிதம் ஏத்திட்டு, காலையில் அப்படியே இறங்காதீங்க. பேட்டரி நிறைஞ்சிருந்தா ரீஜென் சரியா வேலை செய்யாது, முழுப் பாரமும் பிரேக் மேலதான். 80-லயே பிளக்கைப் பிடுங்கிடுங்க. சின்னமனூர், கம்பம், கூடலூர்னு கீழேயே சுத்துறவங்களுக்கு இந்தக் கவலை இல்லை.