வைக்கோலும் கல்நாரும்

அடிமைகளுக்கு வைக்கோல் கொடுக்கக் கூடாது, ஆனால் கல்லின் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்று பார்வோன் கட்டளையிட்டானாம். யாத்திராகமத்தில் வருகிற சங்கதி. வைக்கோல் கலக்காத பச்சைக்கல் காயும்போது வெடித்துவிடும். இது எங்கள் ஊரில் மண்சுவர் வைத்த கிழவர்களுக்கும் தெரியும். நார் பாரம் தாங்குவதில்லை. வெடிப்பு அகலாமல் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

சிமெண்டு வந்ததும் வைக்கோல் கேவலமாகிவிட்டது. லூட்விக் ஹாட்செக் என்ற ஆஸ்திரியர், அஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரைச் சிமெண்டோடு சேர்த்துத் தகடு செய்யும் முறைக்கு 1901-ல் காப்புரிமை பெற்றார். நெருப்புக்கும் காரத்துக்கும் அசையாத நார்! உலகமெல்லாம் அதைக் கூரையாகப் போட்டார்கள். அதன் தூசியோ சுவாசப்பையில் புகுந்து, 20, 30 வருஷம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்பட்டது. ஆலையில் உழைத்தவனுக்கு மட்டுமா? அவன் சட்டையைத் துவைத்த மனைவிக்கும் வந்தது. ஆபத்தை அறிந்த முதலாளிகள் சிலர் வெகுகாலம் அதை மூடி மறைத்தார்கள். பார்வோனாவது தன் கொடுமையை வெளிப்படையாகச் செய்தான்.

1980களில் ஆஸ்திரேலியாவில் கல்நாரை விட்டு மரக்கூழ் நாருக்கு மாறினார்கள். இப்போது நம்முடைய தேங்காய் நாரையும் சிமெண்டில் கலந்து பார்க்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் மட்டைக்கா பஞ்சம்? சிமெண்டின் காரம்தான் சத்துரு. தாவர நாரை மெல்ல அரித்துவிடும். சணலைவிடத் தேங்காய் நார் சற்றுத் தாக்குப் பிடிக்கிறது; அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சேர்த்தால் காரமும் தணிகிறது. என்றாலும் கூரைக்கு இதை நம்ப நான் தயாரில்லை. நடைபாதைக் கல்லுக்குத் தாராளமாகப் போடலாம். ஒன்று உடைந்தால் பெயர்த்துவிட்டு வேறொன்று பதித்துக்கொள்ளலாம். யார் தலையிலும் விழாது.